இரவு இறுகவில்லை

அங்கே விடிய ஆறு, இங்கே ஒன்பதரை.
நாவலடி மணலில் நெத்தலி பரப்பி நிமிர்கையில்
விமலாகரன் எடுக்கிறான்.
"இண்டைக்கு மூண்டு, அக்கா.
பகல் திரும்பினா நாலு."

சீனியின் விலையல்ல, காய்ச்சலின் அளவல்ல.
தன் தோளில் கிடப்பதை
இனித் தாங்குவேனா என்று
மலை யோசிக்கும் அளவு.

கம்பியில் தொங்கிப் போகும் பெட்டிகளுக்குக்
கதவு திறந்து கதவு சாத்துவது அவன் வேலை.
அந்த ஊரின் பெயர் ஒன்பது வருசமாய்
அவன் வாயில் சரியாக ஏறவில்லை.
பனிக்கு மட்டும் தானே பெயர் வைத்துக்கொண்டான்:
மாப்பனி, சீனிப்பனி, கஞ்சிப்பனி.
கடைசிதான் கூடாதது.
சித்திரை வெயிலில் அடிவரைக்கும் நனைந்து
ஒரு சொல்லும் சொல்லாமல் புறப்படுவது.

"இரவில இறுக வேணும்.
இறுகினா மத்தியானம் மட்டும் நம்பலாம்.
மூண்டு இரவா இறுகல்ல, அக்கா."

எனக்குத் தெரிந்த ஐஸ்
வாடியில் மீனுக்கு உடைக்கிற கட்டி.
அது உருகினால் மீன் கெடும்,
ஆள் சாகாது.

போன முதல் மாரியில்
விடியப்புறம் வெடி கேட்டுக்
கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தானாம்.
கூட இருந்த போர்த்துக்கல்காரன்
கோப்பிக் கோப்பையோடு குனிந்து பார்த்தானாம்.
பனியை அவர்களே வெடிவைத்து விழுத்துகிறார்கள்,
ஆட்கள் ஏறுமுன்,
அது தன்பாட்டில் விழுமுன்.

விழுத்துவதில் எனக்கு வியப்பில்லை.
மாரி முற்றி வாவி வாசற்படி தொட்டால்
முகத்துவாரத்து மண்மேட்டை இங்கேயும் வெட்டுவார்கள்.
முழ அகலத்தில் ஒரு கீறல் போதும்,
மறுகா வாவியே மிச்சத்தைத் தின்னும்.
முந்தினால் இறால் போகும்,
பிந்தினால் வயல் போகும்.
ஆனால் வெடி?
உயிர் காக்கிற வெடி என்று ஒன்று இருப்பதை
எங்கள் காதுக்குப் பழக்க
எத்தனை விடியல் செல்லும், சொல்லுகா.

நெஞ்சில் ஒரு பெட்டி கட்டியிருக்கிறான்.
நாலு தீப்பெட்டி அடுக்கிய பருமன்.
புதைந்தால் அது உள்ளிருந்து கூப்பிட்டபடி கிடக்கும்,
மேலே நிற்பவனின் பெட்டிக்குக் கேட்கும்.
கால் மணித்தியாலத்துக்குள் தோண்டினால்
ஆள் இருக்கலாம்.

இதைச் சொன்ன அன்று
நான் போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கும் நல்ல வெயில்.
ஞாயிற்றுக்கிழமை. இலை அசையாத காலை.
கடல் வந்து, கடல் போய்,
பிறகு கிடந்த மணலில்
அவனும் நானும் ஒரு உடைந்த அலுமினியச் சட்டியால்
அம்மாவைத் தோண்டினோம்.
இங்கே, இல்லை இங்கே, கிணற்றடியில், இல்லை.
மணலுக்குள்ளிருந்து
ஒன்றும் கூப்பிடவில்லை.

"வெள்ளைக்காரருக்கு நீல வானத்தைக் கண்டாப் பெருநாள்,
பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகுதுகள்" என்கிறான்.
"எனக்குத்தான் வயிறு கலங்கும்."
எனக்கும்.
ஆனால் என் நெத்தலிக்கு
இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
ஒரே வெயில்தானே, ஆளுக்கொரு பங்கு.

"வைக்கப் போறாங்கள். கேளு" என்று
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, தும்.
பிறகு நெல்மூட்டை வாய் அவிழ்ந்து
கொட்டிக்கொண்டே இருப்பது போல்
நீளமாய், வெகு நீளமாய்.

ஒரு காகம் நெத்தலியில் இறங்கியது.
பிறகு இரண்டு. பிறகு கூட்டம்.
நான் கை ஓங்கவில்லை,
அவன் மூச்சு திரும்பவும்
போனுக்குள் வரும் வரைக்கும்.